கரிசல் காட்டில் ஓர் இத்தாலிப் பிடில்

காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்ட் 15 அன்று தேர். பரலோக மாதாவின் தேர் நகர்ந்துபோன தடத்திலேயே, நனைந்த துணியோடு ஆணும் பெண்ணுமாக விழுந்து எழுந்து கும்பிடு சேவை செய்துகொண்டு வருகிறார்கள். முழங்காலிலும் நெற்றியிலும் மண் அப்பியிருக்கிறது. கூட்டத்தில் திருநீறு பூசிய நெற்றிகளும் நிறைய. பிள்ளை வரம் கேட்டவர், வழக்கு ஜெயித்தவர், மழைக்கு நேர்ந்துகொண்டவர் எல்லாரும் ஒரே புழுதியில்தான் கிடந்து எழுகிறார்கள். அம்மன் கோயிலில் உருளுகிற உடம்பு இங்கேயும் அதே பழக்கத்தோடுதான் வருகிறது.

தேருக்கு முன்னால் பேண்டு செட். சிவப்புக் கோட்டு, மங்கிப்போன சரிகைப் பட்டை, காலில் ரப்பர் செருப்பு. மாதா பாட்டை வாசித்து முடித்த கையோடு, மூச்சு வாங்காமல் ஒரு பழைய எம்.ஜி.ஆர். பாட்டுக்குத் தாவினார்கள். யாருக்கும் அது உறுத்தவில்லை. கிளாரினெட்காரர் சரணத்தில் மெட்டை விட்டு விலகி, தன் போக்கில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, டிரம் விழுகிற இடத்தில் சரியாக வந்து சேர்ந்தார். பக்கத்தில் டிரம்பெட் வாசித்தவர் கண்ணைச் சிமிட்டினார்.

என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்தவர் ஓர் இத்தாலிக்காரர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1680-இல் வட இத்தாலியில் மாந்துவாவை அடுத்த காஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்தவர். தமிழ்நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் சில காலம் காமநாயக்கன்பட்டியில் இருந்தார். பின்னாளில் வீரமாமுனிவர் என்று ஆனார். 3615 பாட்டுகள் கொண்ட தேம்பாவணியைப் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லியிருக்கிறது. எனக்கு அதைவிட வியப்பு, அவர் எழுதிய கித்தேரியம்மாள் அம்மானை. ஐரோப்பியப் புனிதை ஒருத்தியின் கதையை எடுத்து, நம் பெண்கள் காய் வீசி ஆடுகையில் பாடுகிற மெட்டில் உட்கார வைத்துவிட்டார். படித்தவர்களுக்குக் காப்பியம், முற்றத்தில் இருப்பவர்களுக்கு அம்மானை. பாட்டு எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போகும் என்று அறிந்திருந்த மனிதர்.

அவருடைய மாந்துவாவில்தான் 1607-இல் மான்டெவெர்டியின் 'ஓர்ஃபெயோ' அரங்கேறியது. ஆபரா என்ற பாட்டு நாடகக் கலை நடை பழகிய ஊர். அடுத்த மாவட்டம் கிரெமோனா. பிடில் என்று நம் தாத்தாக்கள் சொன்ன வயலினுக்கு உருவம் கொடுத்த பட்டறைகள் அங்கேதான் இருந்தன. பெஸ்கி தேம்பாவணியை முடித்த 1726-இல், ஸ்ட்ராடிவாரி என்ற கிழவர் கிரெமோனாவில் இன்னும் பிடில் செய்துகொண்டிருந்தார். அந்த வாத்தியம் இந்தக் கரிசலுக்கு வந்து சேர்ந்தது பெஸ்கி மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, முற்றிலும் வேறு வழியாக. அதை எட்டையபுரத்தில் பார்ப்போம்.

பேண்டு செட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். தென் இத்தாலியில் ஊர்த் திருவிழா என்றால் 'பாண்டா' இல்லாமல் முடியாது. தையல்காரரும் தச்சரும் சீருடை போட்டுக்கொண்டு, புனிதர் சப்பரத்துக்குப் பின்னால் ஆபராப் பாட்டுகளை ஊதிக்கொண்டு போவார்கள். ஆபரா அரங்கின் படியை மிதிக்காத ஏழைக்கு வெர்டியின் பாட்டுத் தெரியும் என்றால் அதற்குக் காரணம் இந்த ஊதுகாரர்கள்தான். புலியா மாநிலத்தில் ருவோ என்ற ஊரின் பாண்டாவோடு பினோ மினாஃப்ரா, ஜான்லூயிஜி த்ரோவேசி போன்ற ஜாஸ் கலைஞர்கள் சேர்ந்து வாசித்த இரட்டை இசைத்தட்டு 1997-இல் வெளிவந்தது. ஒரு தட்டில் பாண்டாவின் பழைய திருவிழா இசை. மற்றதில் அதே ஊதுகாரர்கள் ஜாஸ்காரர்களோடு சேர்ந்து அடிக்கும் கூத்து. அதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது நம்மூர்ச் சப்பரங்கள்தாம்.

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸிலும் தெருவில் நடந்துபோகும் ஊதுகுழல் கூட்டம்தான் மூலம். சாவு ஊர்வலத்தில் போகும்போது ஒப்பாரி போல இழுத்து வாசிப்பார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் போட வைப்பார்கள். கறுப்பின மக்கள் உருவாக்கிய அந்த இசை முதன்முதலில் தட்டில் பதிவானது 1917-இல். பதிவு செய்த குழுவோ வெள்ளையர் குழு. அதன் தலைவர் நிக் லரோக்கா சிசிலியிலிருந்து பிழைக்க வந்த பெற்றோரின் மகன். ஆக, இத்தாலியப் பாட்டும் ஜாஸும் ஒரே மேடையில் என்றால் அதைப் புதுமை என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் தயங்குவேன். அவை ஒரே தெருவில் வளர்ந்தவை.

கோவில்பட்டியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கடலைமிட்டாய் வாசமும் தீப்பெட்டி ஆபீஸ்களும் ஊரின் அடையாளம். ஆனால் நாகஸ்வரத்தில் காதை வைத்தவர்களுக்கு இது காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்று, இங்கே வந்து குடியிருந்து, 1964-இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் சேர்ந்து ஓடிய ஆபேரி, 1962-லிருந்து இன்றுவரை கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஓய்ந்தபாடில்லை. டீக்கடையில் அவர் சிலைக்கு வழி கேட்டேன். கடைக்காரர் வழி சொல்வதற்கு முன் அந்தப் பாட்டின் முதல் அடியை முனகினார்.

கிழக்கே திரும்பியதும் மண்ணின் நிறம் கண்ணை நிறைக்கிறது. கோடை உழவு முடிந்து கட்டி கட்டியாய்ப் பிளந்து கிடக்கும் கரிசல். புரட்டாசியில் மழை இறங்கினால்தான் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைப்பார்கள்; மல்லியும் வத்தலும் அதன் பின்னே. அதுவரை சீமைக்கருவேலம் மட்டும் பச்சை. ஜமீன் கோடாங்கிபட்டி தேவராட்டத்துக்குப் பேர்போன ஊர். ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். பாட்டுக் கிடையாது. தேவதுந்துபி என்று அவர்கள் சொல்லும் உறுமிதான் பேசும். கையில் துணி வீசிக்கொண்டு, துந்துபி நடை மாற மாற வரிசையும் கலையாமல் மாறும். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ் என்று நூற்றாண்டுகளாக வாழ்கிறவர்கள்.

ஊர்ப் பேரில் ஒட்டியிருக்கும் கோடாங்கி வேறு ஆள். உடுக்கை எடுத்து அடித்து, குறி சொல்லி, பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணை எதிரே உட்கார வைத்துப் பாட்டாலும் அடியாலும் கேள்வி கேட்பவர். உடுக்கையின் வேகம் ஏற ஏற அவள் தலைமுடி அவிழும், ஆட்டம் வரும், வாயைத் திறந்து, மருமகளாக இருக்கும்போது சொல்ல முடியாததை எல்லாம் சொல்லுவாள். மாமியாரைத் திட்டுவாள்; செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லி அழுவாள். இன்றைக்கு மனநல மருத்துவம் இருக்கிறது, அங்கே போவதுதான் நல்லது. ஆனால் வேறு எந்த வாசலும் திறக்காத காலத்தில் ஒரு பெண் கத்தித் தீர்க்க அந்த உடுக்கை இடம் கொடுத்தது.

பூட்ஸ் போலிருக்கும் இத்தாலியின் குதிகாலில் சலேந்தோ என்ற பகுதி; அங்கேயும் இப்படி ஒரு சடங்கு இருந்தது. மழை குறைந்த நாடு; ஆலிவும், ஒரு காலத்தில் புகையிலையும், கல்வேலியும்தான். அங்கேயும் சில ஊர்களில் கிரிகோ என்ற கிரேக்க மொழியை வீட்டுக்குள் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்நாளில் வயலில் வேலை செய்யும் பெண்ணைத் தரந்தா என்ற சிலந்தி கடித்துவிட்டது என்பார்கள். அவள் படுத்துவிடுவாள். வாத்தியக்காரர்களை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கஞ்சிரா போலச் சலங்கை கட்டிய தாம்புரெல்லோ, கூடவே பிடில். எந்த மெட்டுக்கு அவள் உடம்பு அசைகிறது என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பார்கள். பிடித்த மெட்டு கிடைத்ததும் அவள் எழுந்து ஆடுவாள், சில சமயம் நாள்கணக்கில். ஜூன் 29 அன்று கலதீனா ஊரின் புனித பவுல் சிற்றாலயத்துக்குப் போய் நன்றி சொல்லுவாள். எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற ஆய்வாளர் 1959-இல் அங்கே போய் இருந்து பார்த்து, 1961-இல் புத்தகமாக எழுதினார். சிலந்தியின் விஷத்தைவிட அந்தப் பெண்களின் வாழ்க்கையில் இருந்த விஷம்தான் அவர் கண்ணில் பட்டது. அந்தப் பிடில்காரர்களில் பேர்போனவர் நர்தோ ஊரின் லூயிஜி ஸ்தீஃபானி. தொழில் முடிதிருத்தல். நம் தென்மாவட்டங்களிலும் முடிதிருத்தும் சமூகத்தார் பலர் மருத்துவத்தையும் மேளத்தையும் சேர்த்தே கைக்கொண்டிருந்தார்கள். கடல்கடந்து இப்படி ஓர் ஒற்றுமை தற்செயலாக அமைந்தது என்றால் அந்தத் தற்செயலுக்கு நல்ல காது இருந்திருக்கிறது.

படித்தவர்கள் கொஞ்சகாலம் வெட்கப்பட்டு மறைத்த 'பிட்சிகா' என்ற அந்த ஆட்டத்தைச் சலேந்தோக்காரர்கள் 1998-இல் ஊர்ப் பொதுத் திருவிழாவாக மேடையேற்றினார்கள். மெல்பிஞானோ என்ற சின்ன ஊர். ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் அதன் இறுதி இரவுக்கு இப்போது லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். பெரும்பாலும் வேறு இசை உலகத்திலிருந்து ஒருவரை அழைத்து, உள்ளூர்ப் பாட்டுக்காரர்களைக் கொடுத்து, நடத்திக்கொள்ளுங்கள் என்பார்கள். 2000-இல் வந்தவர் ஜோ சாவினுல். மைல்ஸ் டேவிஸோடு வாசித்து, 'வெதர் ரிப்போர்ட்' என்ற ஜாஸ் குழுவைக் கட்டியவர். கோடாங்கி உடுக்கையோடு மின் கீபோர்டு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் முணுமுணுக்கத்தான் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். பிட்சிகாவை விற்றுவிட்டார்கள் என்று ஒரு கட்சி, காப்பாற்றிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் திருவிழாவுக்குத் தவறாமல் வந்துவிடுகின்றன.

எட்டையபுரம் அரண்மனை வெளியிலிருந்து பார்க்கச் சோர்ந்துதான் இருக்கிறது. ஆனால் தென்னிந்திய இசைக்கு இந்த வறண்ட ஊர் செய்ததை, ஆறு ஓடும் பல ஊர்கள் செய்யவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றார். மணலி முதலியார் குடும்பம் அதற்கு ஏற்பாடு செய்தது. கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு முழங்கிக்கொண்டிருந்த காலம். அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொல் போட்டு நொட்டுஸ்வரங்களைச் செய்தார். ஏறக்குறைய 40 இருக்கும். இங்கிலாந்து ராஜாவைக் காக்கச் சொல்லும் பாட்டு, 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சியாமளையைக் காக்கச் சொல்லும் பாட்டாக மாறியது. தம்பியோ வாத்தியத்தையே எடுத்துக்கொண்டார். 1824 வாக்கில் எட்டையபுரம் ஜமீன் அவரை ஆஸ்தான வித்வானாக்கியது.

அண்ணன் செய்ததும் தம்பி செய்ததும் ஒன்றில்லை. நொட்டுஸ்வரங்கள் அழகானவை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அருமையானவை. ஆனாலும் அவை திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போகிற விருந்தாளிகள். ஸ்வரங்கள் அசையாமல் நிற்கும், கமகம் இல்லை. பிடில் அப்படி இல்லை. அதைப் பிடிக்கும் விதமே மாறியது. தோளிலிருந்து இறங்கி, தரையில் சம்மணமிட்டவரின் நெஞ்சுக்கும் காலுக்கும் நடுவே சாய்ந்தது. சுருதிக் கூட்டல் மாறியது. விரல் நகர்ந்து வழுக்கக் கற்றது. கர்நாடக சங்கீதம் கேட்கிற எத்தனை பேருக்கு அது வெளிநாட்டு வாத்தியம் என்பது நினைவிருக்கும்? இரண்டு இசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கைதட்டு வாங்குவது எளிது. ஒன்று மற்றதன் உட்காரும் முறையையே மாற்றும்வரை காத்திருக்க ஆட்களும் வேண்டும், சோறு போட ஓர் ஊரும் வேண்டும். எட்டையபுரம் சோறு போட்டது.

முத்துசுவாமி தீட்சிதர் எட்டையபுரத்துக்கு வந்த வழியில், வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்து அமிர்தவர்ஷிணியில் 'ஆனந்தாமிர்தகர்ஷிணி' பாடி மழை பெய்வித்தார் என்பது கதை. ஆகஸ்ட் மாதக் கரிசலில் நின்று இதைக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 1835 தீபாவளி நாளில் அவர் இங்கேயே மறைந்தார். சமாதி இருக்கிறது. அமைதியான இடம், நான் போனபோது வேப்பம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "சாமி கும்பிடுறதுன்னா செருப்பக் கழத்திப் போட்டுப் போங்க தம்பி" என்றார்.

பாலுசுவாமியின் பேரன், அவருக்கே சுவீகாரம் வந்த சுப்பராம தீட்சிதர். அவரிடம் ஒரு பெரும் பொக்கிஷம் வாய்மொழியாக இருந்தது. சென்னையிலிருந்து சின்னசாமி முதலியார் வந்து அவரை எழுத வைத்தார். முதலியார் கிறிஸ்தவர், நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டுக் கண்ணையும் கைப்பொருளையும் செலவழித்தவர். குறியீடு இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பதற்றம் அவருக்கு. எட்டையபுரம் ஜமீன் செலவை ஏற்க, ஊரிலேயே இருந்த வித்யா விலாசினி அச்சகத்தில் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. கமகங்களுக்குத் தனித்தனிக் குறி. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் உள்ளன. ஐரோப்பியக் காகிதப் பழக்கமும் தஞ்சாவூர் வழிச் சங்கீதமும் கரிசல் காட்டு அச்சகமும் சேர்ந்து செய்த புத்தகம்.

இந்த ஊரில் 1882-இல் பிறந்த பாரதியைச் சொல்லாமல் போனால் எட்டையபுரத்துக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். இத்தாலியை ஒன்றாக்கக் கனவு கண்ட மாஜினியின் சபதத்தைத் தமிழ்ப் பாட்டாக்கியவர் அவர். சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், போகிற இடமெல்லாம் அர்த்தம் தெரியாமல் அதே கீர்த்தனைகளைப் பாடுகிற வித்வான்களை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். ஜமீன் ஆஸ்தானத்தில் சங்கீதம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தச் சலிப்பு வரும்.

அந்தச் சலிப்புக்கு விடை விளாத்திகுளத்தில் கிடைத்திருக்கும், அவர் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்திருந்தால். வைப்பாற்றங்கரை ஊர். ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. நல்லப்ப சுவாமிகள், ஊர் வழக்கில் விளாத்திகுளம் சுவாமிகள், 1889 முதல் 1965 வரை வாழ்ந்தவர். காடல்குடி ஜமீன் வழி வந்தவர். ராக ஆலாபனைதான் அவர் உலகம். கரகரப்பிரியாவை எடுத்தால் மணிக்கணக்கில் பாடுவார், பாடின வழியில் மறுபடி போக மாட்டார் என்று சொல்கிறார்கள். வண்டிச் சக்கரம், செக்கு, பறவை எல்லாவற்றிலும் சுருதி கேட்டவர் என்றும் கதைகள் உண்டு. இடைசெவலிலிருந்து இரண்டு இளைஞர்கள் அவரைத் தேடி வந்து சங்கீதம் கற்றார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், மற்றவர் கு. அழகிரிசாமி. சங்கீதக்காரர்கள் ஆகவேண்டிய இருவரும் கதைக்காரர்கள் ஆனது நம் அதிர்ஷ்டம். கி.ரா.வின் வாக்கியங்களில் அந்த ஆலாபனை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எடுத்த பேச்சை விட்டு எங்கோ போய், கேட்பவன் மறந்த நேரத்தில் திரும்பி வரும்.

வெளிநாட்டு இசை எதையும் தொடாத சுவாமிகள்தான் இந்த வட்டாரத்தில் ஜாஸுக்கு மிக அருகில் இருந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜாஸ்காரன் ஒரு மெட்டை வாங்கி, அதன் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு அன்றைய ராத்திரிக்கென்று புதுச் சதை வைக்கிறான். நம் ஆட்கள் மனோதர்மம் என்பது அதைத்தான். 1976-இல் 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்ளினின் கிட்டாரோடு எல். சங்கர் பிடில் வாசித்தபோது, விக்கு விநாயக்ராம் கடத்தில் பதில் சொன்னபோது, மேடையில் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கிரெமோனாவில் செதுக்கிய பெட்டி, சென்னைக் கோட்டைக் காலத்தில் கைமாறி, எட்டையபுரத்தில் உட்காரப் பழகி, ஜாஸ் மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதூருக்கு வந்தபோது ஆவணி பிறந்திருந்தது. காடல்குடி, நாகலாபுரம் பக்கத்துச் சனங்கள் வத்தல் மூட்டையோடும் மல்லி மூட்டையோடும் வந்துபோகும் ஊர். ஒரு தெருவில் அம்மன் கோயில் பொங்கல். டியூப் லைட் கட்டிய சவுக்கைக் கம்பங்கள், கரும்பு ஜூஸ் வண்டி, நையாண்டி மேளம். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி. கரகம் ஆடுகிற பெண் ஓரமாக உட்கார்ந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தார். மூத்த நாயனக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். செல்போனில் பிட்சிகாவைப் போட்டு அவர் காதருகே வைத்தேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். தொடையில் தட்டினார்.

"இது திஸ்ரம்லா தம்பி. நம்ம உறுமி நடைதான். யாரு இவங்க, நாயக்கமாரா?"

"இத்தாலிக்காரங்க அண்ணாச்சி."

"அடேயப்பா." இன்னொரு தரம் கேட்டார். பிடில் வந்த இடத்தில் முகத்தைச் சுளித்தார். "அசைவே இல்லயே. கம்பி மாதிரி நிக்கி." தவில்காரர் எட்டிப் பார்த்து, "அது அவங்க ஊரு வழக்கம்ணே, நீங்க அசைச்சுக்கிடுங்க" என்றார்.

மெல்பிஞானோவைப் பற்றிச் சொன்னேன். சின்ன ஊர், லட்சம் சனம், வெளியூர் வித்வான் வந்து உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து வாசிப்பது, நள்ளிரவு தாண்டியும் ஆட்டம் என்றெல்லாம்.

"நள்ளிரவு தாண்டியா? போலீசு வராதா?"

"வந்தாலும் ஆடுவாங்களாம்."

நாயனக்காரர் சத்தமாகச் சிரித்தார். கோயில் வாசலில் நின்ற காவலரைக் கண்ணால் காட்டினார். சீவாளியை நனைத்து, பிட்சிகாவின் முதல் சுற்றை மெல்ல ஊதிப் பார்த்தார். இரண்டாம் முறை அதில் ஒரு வளைவு வந்துவிட்டது. மூன்றாம் முறை அது ஏறக்குறைய கரகரப்பிரியா. தவில்காரர் சேர்ந்துகொள்ளக் கையைத் தூக்கியபோது, சலங்கை கட்டி முடித்த பெண் எழுந்து வந்தார்.

"அண்ணே, இத்தாலிய நாளைக்குப் பாத்துக்கிடலாம். பத்து மணிக்கு மைக்க அமத்திருவாங்க, அதுக்குள்ள நான் ரெண்டு ஆட்டமாச்சும் ஆடணும்லா?"